சீட் கிடைத்தால் போதுமா?

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியான மறுநாளே நம் வீடுகளில் தொலைபேசி அலறத் தொடங்கிவிடுகிறது. "உங்கள் பையனுக்கு எங்கள் கல்லூரியில் இடம் ஒதுக்கியாகிவிட்டது. இன்றைக்குள் முன்பணம் கட்டினால் கட்டணத்தில் சலுகை. நாளைக்கு என்றால் சலுகை இல்லை" என்று தேன் ஒழுகப் பேசுகிறார்கள். மறுநாள் வேறொரு கல்லூரி. அதற்கு மறுநாள் இன்னொன்று. ஜி.என்.டி. சாலையில் மாதவரத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வரை போய்ப் பாருங்கள். வழியெங்கும் பெரிய பெரிய விளம்பரப் பலகைகள். கோட்டு சூட்டு போட்ட பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மேலே கொட்டை எழுத்தில் "100 சதவீத வேலைவாய்ப்பு".

ஒரு காலத்தில் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்தது. இன்று நிலைமை தலைகீழ். 2020-க்கு முந்தைய சில ஆண்டுகளில் பொறியியல் கலந்தாய்வுக்கு வந்த இடங்களில் ஏறத்தாழ பாதி, சேர ஆளில்லாமல் காலியாகவே கிடந்தன. ஆகவே சீட் கிடைக்குமா என்பது இப்போது கேள்வியே அல்ல. இரண்டு மூன்று இடங்கள் கையில் இருக்கும்போது எதை எடுப்பது, எதை விடுவது என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்விக்கு நம்மில் பெரும்பாலோர் எப்படி விடை காண்கிறோம்? கட்டடத்தைப் பார்க்கிறோம். பேருந்து வீட்டு வாசலுக்கு வருமா என்று பார்க்கிறோம். பக்கத்து வீட்டுப் பையன் எங்கே சேர்ந்தான் என்று பார்க்கிறோம். நான்கு ஆண்டுகள் கழித்து நம் பிள்ளை என்னவாக வெளியே வருவான் என்பதை மட்டும் பார்ப்பதில்லை!

பெற்றோர்களே, மாணவர்களே, சற்று நின்று சிந்தியுங்கள்.

நமக்கு ஏன் இது பெரிய விஷயம்?

2006-ல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை, 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து ஒரு உண்மையைச் சொன்னது. இந்தியாவில் 20 வயதைத் தாண்டியவர்களில் பட்டமோ டிப்ளமாவோ பெற்றவர்கள் ஏறத்தாழ 7 சதவீதம். முஸ்லிம்களில் 4 சதவீதம்கூட இல்லை. தமிழக முஸ்லிம்கள் மற்ற பல மாநிலத்தவரைவிடக் கல்வியில் முன்னே நிற்பவர்கள்தாம். ஆனாலும் பொன்னேரியிலும் பழவேற்காட்டிலும் ஆரம்பாக்கத்திலும் திருவள்ளூரிலும் இன்று கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீட்டில் வழிகாட்ட ஒரு பட்டதாரி இருக்கிறார்? எண்ணிப் பாருங்கள்.

படித்த குடும்பத்துப் பிள்ளை தவறான கல்லூரியில் சேர்ந்தால் அவனைத் தூக்கிவிட மாமா இருப்பார், சித்தப்பா இருப்பார். நம் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? உம்மாவின் நகை அடகுக்கடையில் இருக்கும். தந்தை சவூதியில் இன்னும் நான்கு ஆண்டு கூடுதலாக வியர்வை சிந்துவார். பையன் பத்துப் பன்னிரண்டு பாடங்களில் அரியர் வைத்துக்கொண்டு, பட்டமும் இல்லாமல் வேலையும் இல்லாமல் கடைக்குப் போய்விடுவான். அதைப் பார்க்கும் அடுத்த வீட்டுக்காரர் என்ன முடிவுக்கு வருகிறார்? "படிக்க வைத்து என்ன கண்டார்கள்? என் பையனைப் பேசாமல் கடையிலேயே உட்கார வைக்கிறேன்." ஒரு பிள்ளையின் தவறான தேர்வு, அந்தத் தெருவில் பல பிள்ளைகளின் படிப்பைக் கெடுத்துவிடுகிறது. நஷ்டம் அந்தக் குடும்பத்துக்கு மட்டும் அல்ல.

"100 சதவீதம்" என்றால் என்ன?

இந்த விளம்பரத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். ஒரு கல்லூரியில் முதலாண்டில் 420 பேர் சேர்கிறார்கள். இரண்டாம் ஆண்டில் டிப்ளமா முடித்த 30 பேர் வந்து சேர்கிறார்கள். ஆக மொத்தம் 450 பேர். நான்கு ஆண்டு முடிவில் எல்லாப் பாடங்களிலும் தேறி உரிய காலத்தில் பட்டம் பெற்றவர்கள் 210 பேர். அவர்களில் 180 பேருக்கு வேலை கிடைத்தது. வளாகத் தேர்வில் கலந்துகொள்ளக் கல்லூரி அனுமதித்ததே 200 பேரைத்தான். 200-ல் 180 என்றால் 90 சதவீதம். விளம்பரப் பலகையில் ஏறுவது இந்த 90. ஆனால் சேர்ந்தவர்கள் 450 பேர். 450-ல் 180 என்றால் 40 சதவீதம்! இரண்டும் பொய்யில்லை. ஆனால் உங்கள் பிள்ளை அந்த 200-ல் ஒருவனா, விடுபட்ட 250-ல் ஒருவனா என்பதைப் பலகை சொல்லாது.

இந்த உண்மைக் கணக்கைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. மத்தியக் கல்வி அமைச்சகம் 2016 முதல் வெளியிடும் தேசியத் தரவரிசைப் பட்டியலுக்கு (என்.ஐ.ஆர்.எஃப்.) விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கல்லூரியும் தான் கொடுத்த விவரங்களைத் தன் இணையதளத்தில் வைக்க வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், நடுச் சம்பளம் எவ்வளவு என எல்லாம் அதில் இருக்கும். நடுச் சம்பளம் என்றால் வேலை பெற்றவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவர் வாங்குவது. "எங்கள் மாணவருக்கு 40 லட்சம்" என்று ஒரே ஒருவரின் படத்தைப் போட்டு மயக்குகிறார்களே, அதைவிட இந்த நடுச் சம்பளம் ஆயிரம் மடங்கு உண்மை பேசும்.

இந்த ஐந்தையும் கேளுங்கள்

இரண்டு கல்லூரிகள் கையில் இருந்தால், முன்பணம் கட்டும் முன் இரண்டிடமும் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்கே ஆண்டில் பட்டம் வாங்கினார்கள்? அண்ணா பல்கலைக்கழகம் தன்னோடு இணைந்த கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தைப் பருவந்தோறும் வெளியிடுகிறது. அதைப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துகின்றன. அவற்றின் தேர்ச்சி விகிதத்தை மற்றவற்றோடு அப்படியே ஒப்பிடக் கூடாது.

இரண்டு: நீங்கள் எடுக்கப்போகும் அதே பாடப்பிரிவில் கடந்த மூன்று ஆண்டில் எத்தனை பேருக்கு, எந்தெந்த நிறுவனங்களில் வேலை கிடைத்தது? கல்லூரி முழுவதற்குமான மொத்தக் கணக்கு உங்களுக்குப் பயன்படாது.

மூன்று: அந்தப் பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் உண்டா? 'நாக்' என்பது கல்லூரி முழுவதற்கும் தருவது. என்.பி.ஏ. ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியே தருவது. வளைகுடாவுக்குப் போகும் எண்ணம் உள்ளவர்கள் இதை அலட்சியம் செய்யவே கூடாது. 2018-ல் குவைத்தில் பொறியாளர் என்ற பெயரில் வேலை அனுமதியைப் புதுப்பிக்க அந்நாட்டுப் பொறியாளர் சங்கத்தின் சான்று கட்டாயமாக்கப்பட்டபோது, என்.பி.ஏ. அங்கீகாரம் இல்லாத கல்லூரிகளில் படித்த இந்தியப் பொறியாளர்கள் பலர் திண்டாடிப் போனார்கள். பல ஆண்டு அனுபவம் இருந்தும் பட்டம் கைகொடுக்கவில்லை.

நான்கு: நான்கு ஆண்டுக்கும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? முதலாண்டுக் கட்டணத்தைச் சொல்லி ஏமாற்றாமல் பேருந்து, விடுதி, தேர்வு, "பயிற்சிக் கட்டணம்" எல்லாவற்றையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஐந்து: அங்கே இப்போது மூன்றாம், நான்காம் ஆண்டு படிக்கும் மாணவர்கள் என்ன சொல்கிறார்கள்? கல்லூரி வாசலில் மாலை நேரத்தில் அரை மணி நேரம் நின்று நான்கு பேரிடம் பேசுங்கள். ஆய்வுக்கூடத்தில் இயந்திரம் ஓடுகிறதா, பாடம் நடத்துபவர் ஆண்டுக்கு ஒருமுறை மாறுகிறாரா என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்துதான் வரும்.

ஐந்துக்கும் நேரான பதில் தராத கல்லூரி, எவ்வளவு பெரிய கட்டடம் வைத்திருந்தாலும் உங்கள் பிள்ளைக்கு உகந்ததல்ல.

எல்லோரும் கம்ப்யூட்டர்தானா?

இன்று யாரைக் கேட்டாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ். அது கிடைக்காவிட்டால் செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ். நல்ல கல்லூரியில் கிடைத்தால் தாராளமாக எடுங்கள். ஆர்வமுள்ள பிள்ளையைத் தடுக்கச் சொல்லவில்லை. ஆனால் 2024-25 கல்வியாண்டு முதல், நன்கு செயல்படும் கல்லூரிகள் ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடம்தான் வைக்கலாம் என்றிருந்த உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. நீக்கிவிட்டது. மெக்கானிக்கலையும் சிவிலையும் சுருக்கி, கம்ப்யூட்டர் இடங்களைப் பெருக்கும் கல்லூரிகளைப் பார்க்கிறோம். அத்தனை பேருக்கும் பாடம் நடத்தத் தேர்ந்த ஆசிரியர்கள் எங்கிருந்து வருவார்கள்?

கம்ப்யூட்டர் துறைக்கு ஏற்றமும் உண்டு, இறக்கமும் உண்டு. 2001-ல் சரிந்தது. 2008-09 பொருளாதார மந்தத்தில் தடுமாறியது. 2022-ல் பெரிய நிறுவனங்களிடம் வேலை உத்தரவு வாங்கிய எத்தனையோ பிள்ளைகள், சேரும் தேதி வராமல் மாதக்கணக்கில் வீட்டில் காத்திருந்தார்கள். அடுத்து வந்த 2023-24-ல் புதிதாக ஆள் எடுப்பதையே பல நிறுவனங்கள் வெகுவாகக் குறைத்துக்கொண்டன. இறக்கம் வரும்போது முதலில் கைவிடப்படுவது யார்? பெயர் தெரியாத கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தவர்தான்.

நம் வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறது என்று திரும்பிப் பாருங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் உலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் ரசாயன ஆலைகளும் இருக்கின்றன. தேர்வாய் கண்டிகையில் மிஷலின் டயர் ஆலை. திருவள்ளூரை அடுத்த மேல்நல்லாத்தூரில் கேட்டர்பில்லர். ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. எண்ணூரில் அசோக் லேலண்ட். அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல் மின் நிலையங்கள். 2001-ல் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் இன்று காமராஜர் துறைமுகம், பக்கத்திலேயே காட்டுப்பள்ளி. ஆரம்பாக்கத்தைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் போனால் ஸ்ரீசிட்டியில் ஊர் போல விரிந்து கிடக்கும் தொழிற்சாலைகள்.

இந்த ஆலைகளுக்கு யார் வேண்டும்? உலையையும் உருக்கையும் அறிந்த உலோகவியல் படித்தவர், மின்சாரப் பராமரிப்பு தெரிந்தவர், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கத் தெரிந்த இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவர், வேதிப் பொறியாளர், ரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பம் அறிந்தவர். சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் உலோகவியல் இருக்கிறது. கிண்டி ஏ.சி. டெக்கில் வேதிப் பொறியியல் இருக்கிறது. கிண்டியிலேயே 1968 முதல் இயங்கும் மத்திய அரசின் சிப்பெட் நிறுவனத்தில் பிளாஸ்டிக் தொழில்நுட்பப் படிப்புகள் இருக்கின்றன. விருப்பப் பட்டியல் நிரப்பும்போது நம்மில் எத்தனை பேர் இவற்றின் பெயரையாவது எழுதுகிறோம்? ஒரு பிள்ளையின் முன் ஊர் பேர் தெரியாத தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டரும், பெயர் பெற்ற அரசுக் கல்லூரியில் உலோகவியலும் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு முதலாவதை எடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறோம்.

"சிப்காட் ஆலைகள் நம் பிள்ளைகளுக்கு வேலை தருகின்றனவா? பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளை அல்லவா கொண்டுவருகிறார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான மனக்குறைதான். தேர்வாய் கண்டிகை மக்கள் தங்கள் மேய்ச்சல் காட்டைக் காக்கப் போராடினார்கள். நிலத்தையும் நீரையும் காற்றையும் இழந்த ஊருக்கு வேலையில் பங்கு வேண்டும் என்று கேட்பது உரிமை. அந்த உரிமைக்குக் குரல் கொடுத்துக்கொண்டே இருப்போம். ஆனால் ஒப்பந்தக் கூலியாகச் சேர்வது வேறு, உலைக்கூடத்தின் பொறுப்பாளராகச் சேர்வது வேறு. இரண்டாவது வேலைக்குத் தகுதியோடு போய் நிற்கும் உள்ளூர்ப் பிள்ளைகள் அதிகமானால்தான் நம் கோரிக்கைக்கும் வலு வரும்.

ஆலை வேலையிலும் குறை உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆரம்பச் சம்பளம் குறைவு. ஷிப்ட் மாறும். சூடும் தூசும் இருக்கும். ஆலைகளும் மூடப்படும். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா 2014-ல் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள். மறைமலைநகர் ஃபோர்டு 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. ஆகவே ஒரே ஆலையை நம்பிப் படிக்காதீர்கள். எந்த ஆலைக்குப் போனாலும் செல்லுபடியாகும் தொழிலறிவைத் தரும் படிப்பைத் தேடுங்கள். கையில் தொழில் உள்ளவன் மூடிய ஆலையின் வாசலிலிருந்து அடுத்த ஆலைக்கு நடந்து போய்விடுவான்.

கடனில் வாங்கும் பட்டம்

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பொறியியல் கலந்தாய்வுக்குள் வருவதில்லை. இதன் பொருள் என்ன? 2007-ல் போராடிப் பெற்ற 3.5 சதவீத முஸ்லிம் உள்ஒதுக்கீடு கலந்தாய்வு இடங்களில் உங்களுக்கு உண்டு. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு 2010 முதல் தரப்படும் கல்விக் கட்டணச் சலுகையும் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் கிடைக்கும் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேரும் நிமிடத்தில் இவை அத்தனையும் போய்விடுகின்றன. கலந்தாய்வு தொடங்கும் முன்பே அவசரப்பட்டு முன்பணம் கட்டுகிறவர், தன் பிள்ளைக்குரிய உரிமையைத் தன் கையாலேயே தூக்கிக் கொடுக்கிறார்.

உதாரணத்துக்கு, ஆண்டுக்கு நான்கு லட்சம் என்றால் நான்கு ஆண்டுக்குப் பதினாறு லட்சம். படித்து முடித்த பிள்ளைக்கு மாதம் இருபத்தைந்தாயிரம் சம்பளம் என்று வையுங்கள். சாப்பாடு, அறை வாடகை போக மாதம் பத்தாயிரம் மிச்சம் பிடித்தால், அசலை மட்டும் அடைக்கவே பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வட்டியைச் சேர்த்தால்? வட்டியை வெறுக்கும் நாம், பிள்ளையின் படிப்பென்று வரும்போது அந்தச் சுழலில் கண்ணைக் கட்டிக்கொண்டு இறங்குகிறோம். அதே பிள்ளைக்கு அரசுக் கல்லூரியில் சற்றுத் தள்ளிய பாடப்பிரிவு கிடைத்திருக்கும். கடனில்லாமல் வெளியே வருபவன், முதல் வேலையில் குறைந்த சம்பளத்தைப் பொறுத்துக்கொண்டு தொழில் கற்க முடியும். மேற்படிப்புக்குப் போக முடியும். கடன்காரனுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. கிடைத்த வேலையைக் கவ்விக்கொள்ளத்தான் வேண்டும்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? அஞ்ச வேண்டாம். நன்கொடை வசூலிப்பதைத் தடுக்கத் தமிழகத்தில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. மாணவரின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கின்றன. குறித்த தேதிக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தரவும் விதி உண்டு. எழுத்தில் கேளுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

கலந்தாய்வில் விழிப்பு

கலந்தாய்வு 2018 முதல் இணையத்தில் நடக்கிறது. கணினி மையத்துக்காரரிடம் "நீங்களே நிரப்பி விடுங்கள்" என்று பிள்ளையின் எதிர்காலத்தை ஒப்படைத்துவிட்டு வருகிறவர்கள் நம்மில் ஏராளம். விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் எழுதலாம். முந்தைய ஆண்டுகளில் எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு, நம் பிரிவில் எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்பதை அரசே வெளியிட்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, உங்களுக்கு மிகவும் வேண்டியதை முதலிலும் அடுத்ததை அடுத்தும் எழுதுங்கள். "இது கிடைக்காது" என்று நல்லதைக் கீழே தள்ளிவிட்டால், மேலே எழுதிய சுமாரானதுதான் வந்து சேரும்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் பதில் சொல்ல இரண்டொரு நாள்தான் தருவார்கள். ஏற்றுச் சேரலாம். ஏற்றுக்கொண்டு, பட்டியலில் மேலே உள்ளது காலியானால் வேண்டும் என்று காத்திருக்கலாம். இதை மறுத்துவிட்டு மேலே உள்ளதற்கு மட்டும் காத்திருக்கலாம். அடுத்த சுற்றுக்குப் போகலாம். முழுவதுமாக விலகலாம். கிடைத்தது ஓரளவு சரி, ஆனால் அதைவிட நல்லது வந்தால் வேண்டும் என்பவருக்கு இரண்டாவது வழிதான் பாதுகாப்பானது. அடுத்த சுற்றுக்குப் போகிறவருக்கு முந்தைய சுற்றில் மிஞ்சியவையே கிடைக்கும். ஏற்ற பிறகு, குறித்த நாளுக்குள் கட்டணம் செலுத்திச் சேராவிட்டால் இடம் பறிபோகும். தந்தை வெளிநாட்டில் இருக்கிறார், கேட்டுச் சொல்கிறோம் என்றெல்லாம் கணினி காத்திருக்காது. ஆகவே குடும்பம் முன்கூட்டியே கூடிப் பேசி முடிவெடுத்து வையுங்கள்.

சாதிச் சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர் (முஸ்லிம்) என்று சரியாக இருக்கிறதா, முதல் பட்டதாரிச் சான்று வாங்கியாயிற்றா என்பதை முடிவு வந்த பிறகு தேடாதீர்கள். பிளஸ் டூ படிக்கும்போதே வாங்கி வையுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு மட்டும் வேறு அளவுகோலா?

மகனென்றால் கோவைக்கும் அனுப்புகிறோம். மகளென்றால் பக்கத்தில் எது இருக்கிறதோ அதுதான் நல்ல கல்லூரி. மகள் மகனைவிட அதிக மதிப்பெண் வாங்கியிருந்தாலும் இதே கதைதான். பாதுகாப்புக் கவலை இயல்பு. ஆனால் கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை சென்ட்ரல் ஏறத்தாழ 48 கிலோமீட்டர். மின்சார ரயில் ஓடுகிறது. அந்த ரயிலில் எத்தனையோ பெண்கள் அன்றாடம் வேலைக்கும் படிப்புக்கும் போய் வருகிறார்கள். பொன்னேரியிலும் ஒரு அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே குறைந்த கட்டணத்தில் ஒரு நல்ல பட்டம் வாங்கிவிட்டுச் சென்னையில் முதுகலைக்குப் போவது, அருகிலிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தேர்ச்சி விகிதம் தரைதட்டிக் கிடக்கும் கல்லூரியில் லட்சங்களைக் கொட்டுவதைவிட எவ்வளவோ மேல். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 2024-ல் பையன்களுக்கும் தமிழ்ப்புதல்வன் திட்டம் வந்துவிட்டது.

மகளின் படிப்பையும் "வேலைக்குப் போவாளா மாட்டாளா" என்று பார்க்காமல், வேலைக்குப் போக வேண்டிய நாள் வந்தால் தலைநிமிர்ந்து போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நாள் எந்த வீட்டுக்கும் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

பி.இ. மட்டும்தான் வழியா?

இல்லை. நல்ல பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்தவர் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். சுமாரான கல்லூரியில் நான்கு ஆண்டு பி.இ. படிப்பதைவிட, நல்ல டிப்ளமாவும் ஓராண்டுத் தொழிற்பயிற்சியும் ஆலை வாசலை விரைவில் திறந்துவிடும். 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பயிற்சிச் சட்டப்படி பட்டதாரிகளுக்கும் டிப்ளமா முடித்தவர்களுக்கும் உதவித்தொகையோடு ஓராண்டுப் பயிற்சி உண்டு. தென்மாநிலங்களுக்கான தொழிற்பயிற்சி வாரியம் தரமணியில்தான் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. வளைகுடா ஆசையில் மூன்று மாத, ஆறு மாத "ஃபயர் அண்ட் சேஃப்டி" சான்றிதழ்களுக்கு நம் வாலிபர்கள் பணத்தை வாரி இறைக்கிறார்கள். தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலர் என்பது மதிப்பான வேலைதான். பெரிய தொழிற்சாலைகளில் அப்படி ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் அதற்கு உரிய பட்டமோ டிப்ளமாவோ, அதோடு ஆலை அனுபவமும் இருந்து, அதன் மேல் அரசு ஏற்கும் தொழிற்பாதுகாப்பு டிப்ளமா வேண்டும். அதை மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் சென்னையிலேயே நடத்துகிறது. தெருமுனைச் சான்றிதழ் அந்த இடத்தை நிரப்பாது.

ஜமாஅத்துகளே, இது உங்கள் வேலையும்தான்

தனி ஒரு தந்தையால் இத்தனையையும் விசாரிக்க முடியாது. ஊர் கூடினால் முடியும். ஒவ்வொரு ஜமாஅத்தும் மே, ஜூன் மாதங்களில் ஒரு வழிகாட்டி மேசையைப் போடட்டும். ஊரில் பொறியியல் முடித்தவர்கள், ஆலைகளில் வேலை செய்பவர்கள், வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவர்கள் முறை வைத்து அங்கே உட்காரட்டும். யார் எந்தக் கல்லூரியில் என்ன படித்தார், எத்தனை ஆண்டில் முடித்தார், என்ன வேலை, முதல் சம்பளம் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஐந்து ஆண்டில் அந்த நோட்டு எந்தக் கல்லூரி விளம்பரத்தையும்விட நம்பகமான வழிகாட்டியாகிவிடும். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தும் விடுதிக் கட்டணத்துக்கு வழியில்லாத பிள்ளையை பைத்துல்மால் தாங்கட்டும். திருமணத்துக்கு உதவும் கைகள் ஒரு பருவத் தேர்வுக் கட்டணத்துக்கும் நீளட்டும். சிப்காட்டில் உயர் பொறுப்பில் இருக்கும் சமுதாயத்தவர்கள், ஆண்டுக்கு இரண்டு பிள்ளைகளுக்காவது தொழிற்பயிற்சி வாங்கித் தர முன்வரட்டும்.

மாணவச் செல்வங்களே! கல்லூரி உங்களைத் தேர்ந்தெடுப்பதாக நினைத்துக் குனிந்து நிற்காதீர்கள். காலி இடங்களை நிரப்ப அவர்கள்தான் உங்களைத் தேடி வருகிறார்கள். கேள்வி கேட்கும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். உள்ளே போனவர்களில் எத்தனை பேர் பட்டத்தோடும் வேலையோடும், கடனில்லாமல் வெளியே வந்தார்கள் என்று பாருங்கள். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.